திண்ணை பிழைத்த தெரு!

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர் கட்டிய வெள்ளை மாளிகைகளைப் பார்ப்பார்கள். அதோடு ஊர் திரும்பி விடுவார்கள்.

நீங்கள் போனால் இன்னும் கொஞ்சம் மேற்கே நடங்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டுங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார்கள். மேற்கே தமிழர் குடியிருந்தார்கள். தமிழர் பகுதியில் இருக்கிறது வைசியாள் வீதி.

வழிப்போக்கருக்கு நிழல்

அங்கே பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தெருவோரம் மரத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அடுத்து திண்ணை. கதவைத் திறந்தால் நடை. அப்புறம் வானம் தெரியும் முற்றம்.

தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு. திண்ணை தேடி வந்தவருக்கு. முற்றம் வீட்டாருக்கு. எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்! சில வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணி. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு!

செலவு யாருக்கு?

காலம் மாறியது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். மரத்தின் விலை ஏறியது. மனையின் விலை அதைவிட ஏறியது. "இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டலாமே!" என்ற எண்ணம் வந்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பழைய வீட்டின் அழகு ஊருக்கு. ஒழுகும் கூரை மட்டும் வீட்டுக்காரருக்கு! இதுதான் சிக்கல்.

இந்த வீதியில் அதற்கு ஒரு வழி பிறந்தது. 2002 முதல் 2004 வரை இங்கே ஒரு திட்டம் நடந்தது. ஐரோப்பிய யூனியன் பண உதவி செய்தது. 'இன்டாக்' என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனம் வேலையில் இறங்கியது. பிரான்சிலிருந்து ஒரு நகரமும், இத்தாலியிலிருந்து ஒரு நகரமும் கை கொடுத்தன. வீடுகளின் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. மறைந்த தாழ்வாரங்கள் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது.

குடியிருந்தவர்களை வெளியேற்றி, வீதியைக் காட்சிசாலை ஆக்கவில்லை. அதுதான் சிறப்பு.

விழுந்தால்?

அதே புதுச்சேரியில் 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசாங்கத்தால் அது முடிந்தது. ஒரு குடும்பத்தால் முடியுமா? விழுவதற்கு முன்பே உதவி வர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

குஜிலியம்பாறை ஆனாலும் சரி, குமரிமுனை ஆனாலும் சரி, எந்த ஊர்த் தெருவுக்கும் ஒரு கதை உண்டு. உங்கள் வீட்டை இடித்தே தீர வேண்டுமா? முதலில் ஒரு படம் எடுங்கள். கட்டியவர் யார்? எந்த ஆண்டு? கதவு செய்த தச்சர் யார்? பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செலவு ஒரு பேனா மை. பாட்டி இருக்கும்போதே கேட்டு விடுங்கள்!