தலைசுற்றல் எல்லாம் பித்தம் இல்லை!

"ஐயா, பித்தம் தலைக்கேறிடுச்சு. ஏதாவது லேகியம் குடுங்க."

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் என் வைத்தியசாலைக்கு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் சொன்ன முதல் வார்த்தை இது. எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் நாடி பார்த்து, சுக்கு-கொத்தமல்லிக் கஷாயம் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் ஆயிற்று. கடுகளவும் குணமில்லை.

அப்புறம்தான் நிதானமாக விசாரித்தேன். "படுத்தா, உக்காந்தா ஒண்ணுமில்லீங்க. நடந்தா எதிர்ல இருக்கிற பஸ் போர்டு குதிக்குது. கரண்ட் போயிட்டா சுவத்தைப் பிடிக்காம ஒரு அடி வைக்க முடியல."

இது பித்தம் செய்கிற வேலை இல்லையே! பழைய மருந்துச் சீட்டைக் கேட்டேன். ஏதோ ஒரு தொற்றுக்காக வாரக்கணக்கில் ஜென்டாமைசின் ஊசி போட்டிருந்தார்கள். உடனே காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு செயலிழந்துவிட்டது என்று தெரிந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் கையில் ரசமட்டம் இருப்பதுபோல, நம் உள்காதிலும் ஒன்று உண்டு. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும். அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதை நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லும். மூளை அந்தக் கணமே கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பும். நடந்துகொண்டே போர்டு படிக்க முடிவது இதனால்தான்.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை உயிர் காக்கும் மருந்துகள். ஆனால் சிலருக்கு இந்த அணுக்களை அழித்துவிடும். அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. இதற்குக் கஷாயமும் இல்லை, மாத்திரையும் இல்லை.

கருவி வருகிறது!

காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவது தெரியும்தானே? தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். அதன் தம்பி மாதிரி ஒரு கருவி இது. காதுக்குப் பின்னால் இருக்கும் உணர்கருவி தலையசைவை அளக்கும். உள்ளே பொருத்திய மின்முனைகள் மூன்று குழல்களின் நரம்புகளையும் தூண்டும். செத்த அணுக்களின் வேலையைக் கருவி பார்க்கும்.

ஐரோப்பாவில் ஜெனீவா, மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் 2007 முதல் இதில் உழைத்து வருகிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2016-ல் தங்கள் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். எட்டுப் பேரின் முடிவுகளை 2021-ல் வெளியிட்டார்கள். அந்த எட்டில் ஏழு பேர் மருந்தினால் பாதிக்கப்பட்டவர்கள்! 2 முதல் 23 வருடம் வரை தள்ளாடியவர்கள். நிற்பதும் நடப்பதும் மேம்பட்டது. ஆனால் சிலருக்குக் கருவி வைத்த காதில் கேட்கும் திறன் குறைந்தது. எனவே இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

"எனக்குக் கிடைக்குமாங்க?" என்றார் பெரியவர். "இப்போதைக்கு இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். பயிற்சிதான் வழி. தினமும் காலண்டர் தேதியைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்புகிறார். சில மாதங்களில் பகலில் தனியாக டீக்கடைக்குப் போய் வருகிறார். இரவில் கைத்தடியும் டார்ச்சும் வேண்டும்.

கவனியுங்கள்

* படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி சுற்றுகிறதா? காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையை முறைப்படி திருப்பும் 'எப்ளி' முறையிலேயே பெரும்பாலும் சரியாகும். கருவி தேவையில்லை.

* ஜென்டாமைசின் ஊசி போடும்போது தள்ளாட்டமோ காதில் இரைச்சலோ வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

* தலைசுற்றலோடு பேச்சு குழறினால், கை கால் தளர்ந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் பக்கவாதமாக இருக்கலாம். கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் வந்தாலும் சரி, அலோபதி டாக்டரிடம் போனாலும் சரி, பழைய மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். நாடி சொல்லாததை அது சொல்லும்.