சேமக்கலப் பெட்டிக்கு அமிலம் தாங்கும் உள்ளுறை

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி, வேம்பநாட்டுக் காயலை ஒட்டித் தாழ்ந்து அமைந்த பகுதியாகும். ஓதம் மிகும் நாட்களில் அங்குள்ள தாழ்விடங்களில் உப்புநீர் வீடுகளுக்குள்ளும் புகுவதுண்டு. இன்வெர்ட்டருடன் இணைந்த ஈய-அமிலச் சேமக்கலத்தை, வீட்டிலேயே செய்த மரப்பெட்டியில் தரைமீது வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சேமக்கலத்தில் இருப்பது நீர் கலந்த கந்தகாமிலம். முழுதும் மின்னேற்றம் பெற்ற நிலையில், அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிலமாகும். சிந்திய அமிலம் தானே உலர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. நீர் மட்டுமே ஆவியாகும். அமிலம் எஞ்சி நின்று செறிவுறும். நாளடைவில் அது மரத்தைக் கருக்கும். சிமெண்டுத் தரையை அரிக்கும்.

ஆகவே பெட்டிக்கு உள்ளுறை இன்றியமையாதது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடும் அலுமினியமும் இதற்கு ஏற்றவையல்ல. அமிலம் அவற்றைத் தின்று ஹைடிரஜனை வெளிவிடும். கப்பல்களில் சுமார் 1.6 மி.மீ. தடிப்புள்ள ஈயத்தகட்டைப் பயன்படுத்துவது வழக்கம். அமிலம் பட்டதும் ஈயத்தின்மேல் கரையாத ஈய சல்பேட்டுப் படலம் உண்டாகி உட்பகுதியைக் காக்கிறது. ஆயினும் ஈயம் நஞ்சு, மின்சாரத்தையும் கடத்தும். வீட்டுக்குத் தடித்த பாலிதீன் விரிப்பே உகந்தது. மூலைகளை வெட்டாமல், ஒரே விரிப்பை மடித்துப் பக்கங்களில் 10 செ.மீ. உயரம் வரை ஏற்றுதல் வேண்டும். அவ்வுயரத்திற்குள் ஆணி அடிக்கலாகாது.

அடிப்புறம் கசியாதிருத்தல் எவ்வளவு அவசியமோ, மேற்புறம் அடைபடாதிருத்தலும் அவ்வளவு அவசியம். மின்னேற்றத்தின் இறுதியில் ஹைடிரஜன் வெளிப்படுகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். இலேசான வாயுவாதலின், மூடியை ஒட்டிக் காற்றுத் துளைகள் வேண்டும்.

உள்ளுறை அமிலத்தை உள்ளே தேக்குமேயன்றி, மேலிருந்து புகும் ஓதநீரைத் தடுக்காது. உப்புநீர் மின்முனைகளைத் தொட்டால் மின்னோட்டம் உப்பைச் சிதைத்து, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயுவை உண்டாக்கும். நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிந்தோர் பெரிதும் அஞ்சிய விபத்து இதுவே. எனவே முன்பு நீர் ஏறிய குறிக்கு மேலாக, உறுதியான மேடைமீது பெட்டியை வைத்தல் நலம். நீர் ஏறுமென்று தெரிந்தால் முன்னதாகவே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

உறையில் அமிலம் தேங்கியிருப்பின், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நுரைப்பது அடங்கும்வரை சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுக. 1 கிராம் தூய அமிலத்திற்குச் சுமார் 1.7 கிராம் சோடா தேவைப்படும். ஆதலால் ஒரு கிலோவேனும் அருகில் வைத்திருத்தல் தக்கது.