அம்மா பேர்ல ஒரு கிணறு: பணம் போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு



போன மாசம் பல்லாவரத்துல கடை வச்சிருக்கிற ஒரு பாய், நம்ம குன்றத்தூர் ஆபீசுக்கு வந்திருந்தார். ரிட்டர்ன் வேலை முடிஞ்சதும் போனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வெளிநாட்டுல ஒரு கிணறு, ரூ.60,000. நாம சொல்ற பேரை போர்டுல எழுதி போட்டோ அனுப்புவாங்களாம்.

"அம்மா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப் போகுது மேடம். அவங்களுக்காக ஸதக்கத்துல் ஜாரியாவா இதைச் செய்யணும்னு நிய்யத் வச்சிருக்கேன். 80ஜி கிடைக்குமா?"

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். "பாய், மூணு வருஷம் கழிச்சு அங்க பம்ப் ரிப்பேர் ஆனா யார் சரி பண்ணுவாங்க?"

அவருக்குத் தெரியல. விளம்பரத்தை மேலயும் கீழயும் தேடினோம். அதுலயும் இல்ல. இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

முதல்ல, ஸதக்கத்துல் ஜாரியான்னா என்ன?

நம்ம சேனல் பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்காது, அதனால சுருக்கமா சொல்றேன். 'ஜாரியா' என்றால் ஓடிக்கொண்டே இருப்பது. ஒருத்தர் இறந்த பிறகும் மூன்று வழியில் நன்மை தொடரும் என்று நபிமொழி சொல்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, பெற்றவருக்காக துஆ செய்யும் பிள்ளை. ஸஃது பின் உபாதா (ரலி) அவர்கள் இறந்துபோன தன் தாய்க்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) சொன்னதாகவும், அவர் கிணறு வெட்டியதாகவும் ஹதீஸ் உண்டு. அம்மா பேரில் கிணறு என்ற வழக்கத்துக்கு அடிப்படை இதுதான்.

இன்னொரு பெரிய உதாரணம் மதீனாவின் ரூமா கிணறு. நல்ல தண்ணி அங்கதான். ஆனா காசு கொடுத்தாத்தான் கிடைக்கும். பிற்காலத்தில் மூன்றாவது கலீஃபாவான உஸ்மான் (ரலி) அதைச் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார். இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் புதுசா தோண்டல. ஏற்கனவே தண்ணி இருந்த கிணத்துல ஏழைகளுக்கு இருந்த தடையை நீக்கினார்.

தண்ணி தர்மம் நமக்கும் புதுசு இல்ல. எங்க ஊர்க்காரர் சேக்கிழார் எழுதின பெரிய புராணத்துல, அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பேர்ல தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். நேசிக்கிறவங்க பேர்ல தண்ணி கொடுக்கிறது இந்த மண்ணுக்கும் பழக்கம்தான்.

கிணறு ஒரு முறை செலவு இல்ல

ஒரு அக்கவுண்டன்டா என் கண்ணுக்கு, கிணறு ஒரு சொத்து. சொத்துன்னா தேய்மானம் உண்டு, வருஷா வருஷம் செலவும் உண்டு. கணக்குக்காக ஒரு உதாரணம் எடுப்போம். உங்க ஊர் விலை மாறும்.

- போர் போட, கேசிங் பைப், சப்மர்சிபிள் மோட்டார், டேங்க், குழாய்: ரூ.2,00,000
- கரண்ட் பில், மோட்டார் காயில் கட்ட, டேங்க் கழுவ, தண்ணி டெஸ்ட்: மாசம் ரூ.2,000, வருஷம் ரூ.24,000
- 10 வருஷத்துக்குப் பராமரிப்பு மட்டும்: ரூ.2,40,000

பார்த்தீங்களா? கட்டுற செலவை விட ஓட்டுற செலவு அதிகம். விளம்பரத்துல வர்றது முதல் வரி மட்டும்தான். இரண்டாவது வரிக்கு யாரும் பணம் ஒதுக்கலைன்னா, தர்மம் ஓடாது. போர்டு மட்டும் நிக்கும்.

இடம், தண்ணி, பாதுகாப்பு

1. தண்ணி இருக்குமா? 2019 கோடையில செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்ததை நாம கண்ணால பார்த்தோம். அப்போ எத்தனை வீட்டு போர்ல காத்துதான் வந்தது! கோடையில சோதிச்சுப் பார்க்காத இடத்துல போர் போட்டா பணம் மண்ணுக்குள்ள போகும்.

2. குடிக்கலாமா? பங்களாதேஷ்ல 1970-கள்ல இருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டாங்க. ஏரி குளத்து அழுக்குத் தண்ணியால வர்ற நோய்களைத் தடுக்கிற நல்ல எண்ணம்தான். 1993-ல தான் அந்த நிலத்தடி நீர்ல ஆர்சனிக் இருக்கிறது தெரிய வந்தது. அதுக்குள்ள கோடிக்கணக்கான பேர் அதைக் குடிச்சிட்டு இருந்தாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எண்ணம் நல்லதா இருந்தா மட்டும் போதாது, லேப் ரிப்போர்ட் வேணும். இந்தியத் தர அளவுப்படி குடிநீர்ல ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரை. டிடிஎஸ் 500-க்குள்ள இருக்கணும், வேற வழி இல்லைன்னா 2,000 வரை. (இந்த டிடிஎஸ் நம்ம வரி டிடிஎஸ் இல்லீங்க, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு!) குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டி டெஸ்ட் பண்ணலாம்.

3. பாதுகாப்பா இருக்கா? 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணத்துல விழுந்த 2 வயசுக் குழந்தையை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணி வராத போரை மூடுற செலவும் உங்க பட்ஜெட்ல இருக்கணும். போர் போட உள்ளாட்சி அனுமதியும் கட்டாயம் வாங்கணும். "தர்மத்துக்குத்தானே" என்று சொல்லி யாரும் இதுல சலுகை எதிர்பார்க்கக் கூடாது.

பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்?

நான் பழக்க தோஷத்துல, "ரூ.3 லட்சத்தை எஃப்டி போட்டுடுங்க, வர்ற வட்டியில பராமரிப்பு ஓடிடும்" என்று சொல்லிட்டேன். பாய் சிரிச்சார். "மேடம், வட்டிக்காசுல அம்மாவுக்கு நன்மையா?" என் தப்புதான். அப்புறம் சேர்ந்து யோசிச்சோம்.

- வாடகை வழி: இது பழைய வக்ஃப் முறை. இஸ்தான்புல்லில் பொதுத் தண்ணீர்க் கூடங்களைக் கட்டினவங்க, அதோட கடைகளையும் வக்ஃப் செய்தாங்க. அந்த வாடகையில பராமரிப்பு நடந்தது. இன்னைக்கு நீங்க இதைச் செய்யணும்னா வாய்ச்சொல் போதாது. 2025 வக்ஃப் திருத்தச் சட்டப்படி எழுத்துப்பூர்வ வக்ஃப் பத்திரம் வேணும். வக்கீலைப் பார்க்காம கையெழுத்து போடாதீங்க.
- ஷரீஆ முறை மியூச்சுவல் ஃபண்ட்: வட்டி இல்ல, ஆனா மார்க்கெட் இறங்கினா பணமும் இறங்கும். ஒரு வருஷச் செலவையாவது தனியா கையில வச்சுக்கணும்.
- மாதச் சந்தா: நாலு பிள்ளைங்க, ஆளுக்கு மாசம் ரூ.500. மாசம் ரூ.2,000, வருஷம் ரூ.24,000. மேல போட்ட கணக்கு அப்படியே சரியாகுது!

ஒரு முக்கியமான விஷயம்: ஜகாத் பணத்தை இதுல கலக்காதீங்க. ஜகாத் உரிய ஆளோட கைக்குப் போய்ச் சேரணும், பொதுக் கிணத்துக்குக் கொடுத்தா கூடாது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. உங்க ஆலிமிடம் கேட்டுட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைங்க.

சரி, 80ஜி?

- பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் 80ஜி. புது முறையில கிடையாது.
- தனியார் அறக்கட்டளைக்குப் பொதுவா 50% கழிவு. அதுக்கும் உங்க வருமானத்துல 10% என்ற உச்சவரம்பு உண்டு. ரூ.60,000 கொடுத்தா ரூ.30,000 கழியும். 20% ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து மிச்சம் ரூ.6,240.
- ரொக்கமா ரூ.2,000-க்கு மேல கொடுத்தா கழிவு இல்ல. பேங்க், யுபிஐ வழியாவே கொடுங்க. அறக்கட்டளையிடம் 10பிஇ சான்றிதழ் கேட்டு வாங்குங்க.
- நீங்களே ஆள் வச்சு போர் போட்டா கழிவு இல்ல. அது நன்கொடை ரசீது ஆகாது.
- ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று பத்திரத்தில் எழுதிய அறக்கட்டளைக்குப் பொதுவாக 80ஜி இல்ல. எல்லாருக்கும் தண்ணி கொடுக்கிற அமைப்பா என்று பாருங்க.
- வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியா அனுப்பினா 80ஜி கிடையாது. இந்திய அறக்கட்டளை உங்ககிட்ட 80ஜி ரசீது தந்துட்டு வெளிநாட்டுல கிணறு வெட்டுறதா சொன்னா, வரித்துறை அனுமதி இருக்கான்னு கேளுங்க.
- வளைகுடாவுல வேலை பார்க்கிற தம்பி, இந்தியக் குடிமகனா, தன் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற நாட்டு பாஸ்போர்ட் வாங்கிட்டவங்க அனுப்பினா எஃப்சிஆர்ஏ சட்டம் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண், பாரம் எண் எல்லாம் மாறுது. ஆனா கேட்க வேண்டிய கேள்விகள் இதேதான்.

பணம் போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நிலம் யார் பேர்ல இருக்கு? நாளைக்கு அவர் கேட்டைப் பூட்டினா என்ன ஆகும்?
2. தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் எங்க? அடுத்த டெஸ்ட் எப்போ?
3. ரிப்பேர் ஆனா யாருக்குப் போன் பண்ணணும்? அந்தப் பணம் எங்க இருக்கு?
4. மூணு வருஷம் முன்னாடி போட்ட கிணத்தோட இன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கா?
5. தண்ணி வராட்டி என் பணம் எதுக்குப் போகும்?

நாலாவது கேள்வியை மட்டுமாவது கேளுங்க. திறப்பு விழா போட்டோ எல்லார்கிட்டயும் இருக்கும்.

பாய் என்ன பண்ணினார் தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடியிருப்புல, மோட்டார் எரிஞ்சு ரெண்டு வருஷமா சும்மா கிடந்த பொது போரைக் கண்டுபிடிச்சார். ஊராட்சியில அனுமதி வாங்கி, தண்ணியை டெஸ்ட் பண்ணி, புது மோட்டார், டேங்க், நாலு குழாய் போட்டார். ரூ.60,000-க்குள்ளயே முடிஞ்சது. அண்ணன் தம்பி தங்கச்சி நாலு பேரும் மாசம் 5-ம் தேதி ஆளுக்கு ரூ.500 போடுறாங்க. அந்த ஊர்ல ஒரு அக்காதான் சாவி வச்சிருக்காங்க, ரிப்பேர்னா அவங்க போன் பண்ணுவாங்க.

80ஜி? பாய் புது வரி முறையில இருக்கார். ஒரு ரூபா கூட மிச்சம் இல்ல. அதைச் சொன்னப்போ, "பரவாயில்ல மேடம், மோட்டார் ஓடுதுல்ல" என்றார்.

உங்க ஊர்லயும் இப்படி நின்னு போன அடி பம்பு, போர் எதாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல, குடும்பமா சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை பதிவு பண்றது எப்படின்னு பார்ப்போம்.