மாடி வீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு: சாதியும் சட்டமும்

நம் மக்களில் முதல் தலைமுறையாக அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ சென்றவர்கள், சொந்த வீட்டின் மேல் ஒரு மாடி கட்டி வாடகைக்கு விடுகின்றனர். நிலமற்றவர்களாகவே வைக்கப்பட்டிருந்த சமூகத்தில் இது சிறிய பொருளன்று. பலருக்கு அதுவே முதுமைக்கால ஊன்றுகோல். தகராறு எழுந்தால் சாதிச் செல்வாக்கைப் பயன்படுத்திக் காலி செய்விக்க ஆதிக்கச் சாதியினரால் இயலும். நமக்கு அவ்வழி இல்லை. இருந்தாலும் அது நம் வழியன்று. எழுத்துப்பூர்வ ஆவணமே நமக்குக் காப்பு.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் புதிய சட்டப்படி, காலம் எவ்வளவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெறவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலையிலுள்ளவர் அந்த அதிகாரி. இணையவழியிலும் பதியலாம்.

வீட்டு உரிமையாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை:

முன்பணம்: பத்து மாத வாடகையைக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது சட்டம்.

வாடகை: வங்கி வழியாகப் பெறுவதும் ரசீது தருவதும் இரு தரப்புக்கும் சான்று. உயர்த்தும் முறையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வருமான வரிக் கணக்கில், செலுத்திய சொத்து வரியைக் கழித்த பின், மீதியில் 30 விழுக்காடு பராமரிப்புக்கென விலக்கு உண்டு. செலவுச் சீட்டுகள் தேவையில்லை.

நுழைவு: வாடகைதாரர் வாழும் வீட்டைப் பார்வையிட 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும்.

வெளியேற்றம்: வாடகை பாக்கியிருப்பினும் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வாடகை நீதிமன்றத்தை அணுகுவதே வழி. பதிவு செய்த ஒப்பந்தம் அங்கே நம் கையை வலுப்படுத்தும்.

இனி, சாதியைப் பற்றிய கேள்வி. 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியும் விரட்டப்பட்டார். இன்று அக்கேள்வி 'சைவம் மட்டும்' என்ற அறிவிப்பாகவும், 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற தரகரின் விசாரிப்பாகவும் வருகிறது. வீட்டைக் கொடுப்பவர் தலித்தாக இருந்தால், குடிவர எண்ணுபவர் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிட்டு விலகுகிறார். வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடக்க, கட்டுமானக் கடனின் தவணை மட்டும் நிற்பதில்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பாகுபாட்டைப் பற்றிப் பேசவில்லை. அரசமைப்பின் 15(2) உறுப்பு கடை, உணவகம், கிணறு ஆகியவற்றைச் சொல்கிறது. வாடகை வீட்டைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. எனினும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் எப்பகுதியிலும் குடியிருப்பு வீட்டில் குடியேறுவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையால் நிகழ்ந்ததென நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு; அதை மறுத்து மெய்ப்பிப்பது எதிரியின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதன் விளக்கத்தில், ஒருவருடன் வணிகம் செய்ய மறுப்பதும் அடங்கும்.

சிக்கல் சான்றில்தான். 'வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்ற ஒரு சொல்லில் மறுப்பு முடிந்துவிடுகிறது. ஆகவே விளம்பரம், குறுஞ்செய்தி, தரகருடனான உரையாடல், அதே வீடு மீண்டும் விளம்பரப்படுத்தப்பட்ட நாள் ஆகியவற்றைத் தேதியோடு பாதுகாக்க வேண்டும்.

நம் வீட்டு வாசலிலும் ஒரு பொறுப்பு உண்டு. அருந்ததியருக்கோ இசுலாமியருக்கோ தனித்து வாழும் பெண்ணுக்கோ நாம் வீடு மறுத்தால், நம்மை விரட்டிய அதே வழக்கத்தையே நாமும் கடைப்பிடிக்கிறோம். வாடகை செலுத்தும் திறன், அடையாளச் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளரின் கருத்து ஆகிய மூன்றையும் விசாரித்தால் போதும். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் இந்த விடுமுறையில் பெற்றோருடன் அமர்ந்து, வாய்மொழியாக இருக்கும் ஒப்பந்தத்தை எழுத்தாக்கிப் பதிவு செய்ய உதவுங்கள்.