தாவரச் செல்களின் திட்டமிட்ட மரணம்
வேர் உறிஞ்சும் நீரை இலைவரை ஏற்றிச்செல்லும் சைலக் குழாய்கள், தம்மைத் தாமே அழித்துக்கொண்ட செல்களின் வெற்றுச் சுவர்களே ஆகும். செல்சுவர் தடிக்கத் தொடங்கியபின், செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் எனும் பெரிய நீர்ப்பை உடைந்து, அதில் அடைபட்டிருந்த செரிமான நொதிகள் வெளிப்பட்டு உட்கருவையும் பிற உறுப்புகளையும் கரைத்துவிடுகின்றன. விலங்குகளில் இறந்த செல்லை அண்டைச் செல்கள் விழுங்கிவிடும். சுவர் சூழ்ந்த தாவரச் செல்லுக்கு அவ்வழி இல்லாமையால், அது தன்னையே செரித்துக்கொள்ள நேர்கிறது.

இத்தகைய அழிவைக் கட்டுக்குள் வைப்பதே பெருவியப்பு. விலங்குகளில் செல் மரணத்தை நடத்தும் காஸ்பேஸ் எனும் புரதம் வெட்டும் நொதிகள் தாவரங்களில் இல்லை. அவற்றின் தொலைதூர உறவான மெட்டாகாஸ்பேஸ்களே உள்ளன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், கிருமி தாக்கிய செல்லின் மரணத்தை அவற்றுள் ஒன்று தூண்டுவதையும் மற்றொன்று தடுப்பதையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி பரவாதிருக்கத் தாக்குண்ட செல்கள் விரைந்து மடிவது செடிக்கு நன்மையே எனினும், எல்எஸ்டி1 எனும் தடுப்புப் புரதம் பழுதுபட்ட செடிகளில், ஓரிடத்தில் தொடங்கிய மரணம் எல்லை கடந்து இலையெங்கும் பரவுகிறது.

கிருமி தாக்காதபோதும் செல்களின் மரணம் செடிக்கு உதவுவதுண்டு: வெள்ளம் தேங்கிய நிலத்தில், மக்காச்சோள வேருக்குள் சேரும் எத்திலீன் வாயு புறணிச் செல்கள் சிலவற்றை மடியச்செய்து, ஆக்சிஜன் செல்லும் காற்றறைகளை உருவாக்குகிறது.