மீண்டும் படிக்க விழைவோர் தன்விளக்கம் எழுதும் முறை

கல்விக்கு வயது வரம்பில்லை என்பதை மேடைகளில் நாம் பலகாலமாகக் கேட்டு வருகிறோம். ஆயினும், குடும்பச் சூழ்நிலையால் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுப் பால்வெட்டுக் கத்தியை ஏந்திய ஒருவர், நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தை எவ்வாறு அணுகுவது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. அதற்கு முறையான வழி ஒன்று உண்டு. அவ்வழியில் செல்ல விரும்புவோர் தம்மைப் பற்றியும் தம் உழைப்பைப் பற்றியும் ஒரு தன்விளக்கம் எழுத வேண்டும். அதனை எழுதும் முறையை இங்குக் காண்போம்.

வழி பிறந்த வரலாறு

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்க்கும் உயர்கல்வி கிட்ட வேண்டும் என்னும் கருத்து உலகில் வலுப்பெற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பிரிட்டனில் 1969இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம், முன்தகுதி கேளாமலே மாணவர்களைச் சேர்த்து 1971இல் பாடங்களைத் தொடங்கியது. அதே 1971இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலையில் இருப்போர் தொலைவிலிருந்தே பயிலும் திட்டத்தை நம் நாட்டில் தொடங்கியது. பின்னர் 2000இல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் உருவாகி, அடுத்த ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக் கொண்டது.

இவற்றுக்குப் பின் வந்ததுதான் நமக்கு மிகவும் பயன்படும் திட்டம். மலேசியத் தகுதி முகமை 2011 முதல், வேலையிலும் வாழ்க்கையிலும் பெற்ற அறிவைக் கல்வித் தகுதியாக ஏற்றுக்கொள்ளும் முறையை நடத்தி வருகிறது. இதனை ‘ஏப்பெல்’ என்று சுருக்கமாக வழங்குவர். சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதும் நிறைந்தவர்கள், தக்க பணி அனுபவம் இருப்பின் இத்திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்போர் ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும். தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் தொகுத்துத் தொகுப்பேடு ஒன்றையும் அளிக்க வேண்டும். இரண்டிலும் தேறியவர்க்கு முகமை சான்றிதழ் வழங்கும். அச்சான்றிதழைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சேர்த்துக் கொள்ளும் முடிவு பல்கலைக்கழகத்துக்கே உரியது. மருத்துவம் போன்று தொழில் வாரியங்களின் கட்டுப்பாட்டில் உள்ள துறைகளுக்கு அவ்வாரியங்களின் விதிகளும் பொருந்தும். விதிகள் அவ்வப்போது திருத்தம் பெறுவதால், விண்ணப்பிக்குமுன் முகமையிடமே கேட்டறிதல் நன்று.

உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோர்க்குப் பல்கலைக்கழகக் கட்டடம் தொலைவில் இல்லை. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாவிலே சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் அமைந்துள்ளது. வடக்கே எல்லையைத் தாண்டினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைவாகத் தோன்றுவது, “நம்மிடம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?” என்னும் தயக்கமே. தன்விளக்கத்தில் பலர் தவறுவதும் இத்தயக்கத்தாலேதான்.

மனுவன்று, விளக்கம்

நம்மவர் பலர் தன்விளக்கத்தை உதவி கோரும் மனுவாக எண்ணி எழுதுகின்றனர். “நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். படிக்க வசதியில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டுகிறேன். எனக்கு ஒரு வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிடுவர். இவை யாவும் உண்மையாக இருக்கலாம். ஆனால், இதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு எழுதியவரின் துன்பம் தெரியுமேயன்றி, அவருடைய அறிவு தெரியாது. மதிப்பிடுவதற்கென அமர்ந்திருப்பவர் இரக்கத்துக்கு மதிப்பெண் இட இயலாது. கற்றதற்கே இட இயலும்.

ஆகவே, நாம் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. செய்த வேலையைச் சொல்வதோடு நில்லாமல், அவ்வேலையால் கற்றதைச் சொல்ல வேண்டும்.

பால்மரம் வெட்டுதலையே எடுத்துக் கொள்வோம். பட்டையில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வெட்டுகிறோம். பட்டையினுள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், இவ்வாறு வெட்டும்போது மிகுதியான குழாய்கள் திறக்கின்றன. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது. வெயில் ஏற ஏறக் குறைகிறது. கத்தி ஆழமாகப் பதிந்தால் மரம் காயமுற்று, மீண்டும் வளரும் பட்டை கெடும். பால் உறையாதிருக்க அமோனியாவும், உறைய வைக்கப் ஃபார்மிக் அமிலமும் பயன்படுகின்றன. வாளியிலுள்ள பாலில் உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அதனை அளந்து விழுக்காடு கணித்துத்தான் எடை பதிகின்றனர்.

இவற்றில் தாவரவியலும் வேதியியலும் கணிதமும் அடங்கியுள்ளன. 1925இல் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள், சுங்கை பூலோ ஆய்வு நிலையத்திலும் பிற இடங்களிலும் ஆராய்ந்த பொருள்களே இவை. அவர்கள் ஏட்டில் எழுதியதை நாம் நிரையில் நின்று நாள்தோறும் செய்து வருகிறோம். செய்வதன் காரணத்தை விளக்கத் தெரிந்தவர் அதனைக் கற்றவரே ஆவார்.

துறைக்குப் பொருத்திக் காட்டுதல்

கற்ற யாவற்றையும் கொட்டிவிடுதல் கூடாது. விண்ணப்பிக்கும் துறைக்கு உதவுவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மனிதவள நிர்வாகம் பயில விழையும் மண்டோர் ஒருவர், பிரட்டுக் களத்தில் ஆள் குறைந்த நாளில் நிரைகளை எவ்வாறு பங்கிட்டார், புதிதாய் வந்தவர்க்கு எவ்வாறு பழக்கினார் என்பதை எழுதலாம். “கடந்த ஆறு ஆண்டுகளாகப் புதியவர்களுக்கு மரம் வெட்டக் கற்பித்து வருகிறேன். வாயால் சொல்வதைவிட, வெட்டிக் காட்டிப் பின் அவர்களையே வெட்டச் செய்வது விரைவில் பயன் தருவதைக் கண்டேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு வேகத்தில் கற்பதால், பொறுமையாகத் தனித்தனியே கவனித்தேன். ஆள்களைப் பழக்கும் முறைகளை ஒழுங்காகக் கற்கவே இப்படிப்பைத் தேர்ந்தேன்” என்று எழுதினால், மேலே கண்ட மனுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். அனுபவம், அதனால் பெற்ற தெளிவு, படிக்க விரும்பும் காரணம் ஆகிய மூன்றும் இதில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன.

அவ்வாறே, ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பேணிய பெண்மணி முன்பள்ளிக் கல்வி டிப்ளோமாவுக்கு எழுதும்போது, அழும் குழந்தையை அமைதிப்படுத்திய முறை, வெவ்வேறு வயதினரை ஒரே கூரையின்கீழ் கவனித்த ஒழுங்கு, நோய்க்குறி கண்டு தாயாருக்குத் தெரிவித்தமை ஆகியவற்றை எழுதலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் கூட்டக் குறிப்பு எழுதியவரும், ஆலயக் கணக்கைப் பேணியவரும், கூட்டுறவுச் சங்கப் பணி ஆற்றியவரும் அவற்றை மறவாது சேர்க்க வேண்டும். ஊதியம் பெறாத பணியும் கற்றலே.

பள்ளியை விட்ட காரணம்

இதனை மறைக்கவும் வேண்டுவதில்லை, விரிக்கவும் வேண்டுவதில்லை. “தந்தையார் நோயுற்றதால் 1992இல் இரண்டாம் படிவத்தோடு வேலைக்குச் சென்றேன்” என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அடுத்த வாக்கியம் இன்றைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இப்போது எது மாறியுள்ளது, பிற்பகலில் எத்தனை மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க இயலும், வீட்டில் யார் துணை நிற்பர் என்பவற்றைத் தெளிவாகக் கூறுவது, எழுதுபவர் எண்ணிப் பார்த்தே இம்முடிவுக்கு வந்துள்ளார் என்பதைக் காட்டும்.

சான்றுகளைத் திரட்டுதல்

எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் இயன்றவரை ஒரு சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், நிர்வாகியின் கடிதம், வேலை செய்யும் நிழற்படம் ஆகியவை பயன்படும். தோட்டம் விற்கப்பட்டுக் கைமாறிவிட்டதால் கடிதம் பெற இயலாதவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் சந்தாப் பதிவுகள், எந்த ஆண்டுகளில் எந்த முதலாளியிடம் வேலை செய்தோம் என்பதைக் காட்டும். எல்.சி.இ., எஸ்.ஆர்.பி., பி.எம்.ஆர். போன்ற பழைய தேர்வுச் சான்றிதழ்களை இழந்தவர்கள், கல்வி அமைச்சின் தேர்வு வாரியத்திடம் தேர்வு முடிவுக்கான உறுதிச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம்.

எழுதும் மொழி

தன்விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைய வேண்டியிருக்கும். எனினும், முதற்படியைத் தமிழிலேயே எழுதுவது நலம். நமக்கு நன்கு தெரிந்த மொழியில் எண்ணம் தெளிவாக அமைந்த பின், அதனைச் சிறு சிறு வாக்கியங்களாக மலாயில் எழுதலாம். மொழிப்பிழைகளைத் திருத்த, இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகனையோ மகளையோ உடன் அமர்த்திக் கொள்ளலாம். பிள்ளையிடம் கேட்டறிவதில் குறைவேதுமில்லை.

ஆனால், திருத்துவது வேறு. பிறரே எழுதித் தருவது வேறு. பணம் பெற்றுக்கொண்டு தன்விளக்கம் எழுதித் தருவோரை நாடுதல் கூடாது. யாருக்கும் பொருந்தும் அலங்காரச் சொற்களையே அவர்கள் எழுதுவர். நிரையில் நாம் கண்டது அவர்களுக்குத் தெரியாது. மேலும், திறனறித் தேர்வை நாமேதான் எழுத வேண்டும்; வகுப்பிலும் நாமேதான் பயில வேண்டும். இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டுவதும், பொய்ச்சான்று சேர்ப்பதும் உள்ள வாய்ப்பையும் இழக்கச் செய்யும்.

எழுதி முடித்ததும் ஓரிரு நாள் கழித்து உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் நோக்கி, “இது என்னை அறியாத ஒருவருக்கு என்னைப் பற்றி என்ன தெரிவிக்கிறது?” என்று வினவ வேண்டும். ஒன்றும் தெரிவிக்காத வாக்கியத்தை நீக்கிவிடலாம். படிவத்தில் அளவு குறித்திருப்பின் அதற்குள் அடக்க வேண்டும். குறிக்காவிடில் ஓரிரு பக்கங்கள் போதும்.

முதற்படி இன்றே

முதல் முயற்சியிலேயே அனைவரும் தேறுவர் என்று நாம் கூறவில்லை. வேலை முடித்து வந்து, களைப்போடு ஏட்டை விரித்துப் படிப்பது எளிதுமன்று. எனினும், தன்விளக்கத்துக்கு வேண்டிய பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனைத் தாளில் இடுவதே மீதமுள்ள பணி. இன்று மாலை ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, இதுவரை செய்த வேலைகளை ஆண்டு வாரியாக ஒரு பக்கத்திலும், ஒவ்வொன்றாலும் கற்றதை எதிர்ப்பக்கத்திலும் எழுதத் தொடங்குக. வலப்பக்கம் நிறைய நிறைய, தன்விளக்கமும் உருப்பெற்று வரும்.