பெரிய டயரும் காணாமல் போன மூன்று லீற்றர் டீசலும்

மாத்தளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். தனது பழைய டபுள் கெப்புக்குக் கொஞ்சம் பெரிய டயர் நான்கு போடப் போவதாகவும், நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்றும் சொன்னார். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "ஒங்கட டிஃப்ல எத்தன பல்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "டயருக்கும் டிஃபுக்கும் என்ன நானா சம்பந்தம்?"

2022இல் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதும் எமது வியாபாரிகளுக்கு நன்றாக நினைவிருக்கும். அதனால்தான் 1988க்கும் 1997க்கும் இடையில் செய்யப்பட்ட ஹைலக்ஸ் கெப்புகள் இன்றும் எமது கடைகளுக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன. என்னிடம் இருப்பதும் அதில் ஒன்று. 2.8 லீற்றர் டீசல், டர்போ இல்லை. அக்குறணையிலிருந்து மிளகும் கராம்பும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். திரும்பும்போது புறக்கோட்டையில் எடுத்த சரக்கோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி வரும். போக வர 250 கிலோமீற்றர். லீற்றருக்கு ஒன்பதரை கிலோமீற்றர் என்பது பல வருடமாக என் புத்தகத்தில் இருந்த கணக்கு.

பழைய டயர் தேய்ந்தபோது கடையில் அதே அளவு இருக்கவில்லை. என்னுடையது 235/75R15. கடைக்காரர் ரிம்மோடு சேர்த்து 31x10.50R15 ஒரு செட் காட்டினார். வண்டி உயரமாகத் தெரியும், பள்ளத்தில் அடிபடாது என்றார். மகனுக்கும் ஆசை. பூட்டிவிட்டோம். தோற்றத்துக்குக் குறைவில்லை, பார்த்தவர்கள் புது வண்டியா என்று கேட்டார்கள்.

இரண்டு மாதத்தில் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. லீற்றருக்கு எட்டரைதான் வந்தது. ஒரு தடவை கொழும்பு போய் வந்தால் மீற்றரில் 233 கிலோமீற்றர். போன டீசல் இருபத்தேழரை லீற்றர். ஒன்பதரைக் கணக்கில் 233க்கு இருபத்துநாலரை லீற்றர் போதுமே. மூன்று லீற்றர் எங்கே?

கியூஆர் முறையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த காலம் அது. ஒரு போத்தல் டீசலுக்கும் வெளியில் ஆள் இருந்தது. சந்தேகம் எங்கே போகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடம் என்னோடு இருந்த சாரதியை நான் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்து வாங்கத் தொடங்கினேன். அது கேட்பதை விட மோசமானது. ஒரு நாள் அவரே வந்து, "நானா, டேங்க் மூடிக்கு ஒரு பூட்டுப் போடுங்க. சாவி ஒங்கட கையிலயே இரிக்கட்டும்" என்றார். போட்டேன். நானே நின்று டீசல் அடித்தேன். அடுத்த பயணத்திலும் அதே எட்டரை.

இதற்கிடையில் வண்டியும் முனகத் தொடங்கியிருந்தது. மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டாம் கியர் கேட்டது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கிளச் எரிந்த மணம். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும் பிடியும் குறைந்து, சாரதி பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டியிருந்தது. கிளச் பிளேட் மாற்றத்தான் பேராதனைப் பக்கம் இருக்கும் கராஜுக்குக் கொண்டு போனோம். அந்த பாஸ் கிளச்சைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். டயர் மாற்றியபோது டிஃபை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிறகு, கண்டி வீதியில் கிலோமீற்றர் கல் இருக்கிறதே, பத்துக் கிலோமீற்றர் ஓடி மீற்றரைப் பாருங்கள் என்றார்.

ஓடினோம். கல் பத்து என்றது. மீற்றர் ஒன்பது தசம் மூன்று என்றது.

விஷயம் இதுதான். 235/75R15 என்றால் டயரின் அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு தடவை கூட்ட வேண்டும். 352.5ஓடு ரிம்மின் 381ஐச் சேர்த்தால் 733.5 மில்லிமீற்றர் விட்டம். மற்ற டயரில் 31 என்பதே விட்டம், அங்குலத்தில். அதாவது 787 மில்லிமீற்றர். வித்தியாசம் 7.3 சதவீதம். இந்தக் கெப்பில் மீற்றர் கேபிள் கியர் பொக்ஸின் பின்புறத்திலிருந்து வருவதால், சில்லு பெரிதானது அதற்குத் தெரியாது. உண்மையில் 250 ஓடிய வண்டிக்கு அது 233 என்று எழுதியது. எட்டரையை 7.3 சதவீதத்தால் கூட்டிப் பார்த்தால் லீற்றருக்கு ஒன்பதுக்குச் சற்று மேல். உண்மையில் கூடுதலாகப் போனது ஒரு பயணத்துக்கு ஒரு லீற்றர் சொச்சம்தான். அதுவும் பாரமான டயரும் சின்னக் கியரும் குடித்தது. அக்குறணையும் கொழும்பும் நகரவில்லை, 250 எப்படி 233 ஆனது என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். லீற்றருக்கு எத்தனை என்ற ஒற்றை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி டிஃப். என் வண்டியின் கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 9 பல். வகுத்தால் 4.556. எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடுகிறது. ஆகவே 31 அங்குல டயர் போடுவது, பழைய டயரை வைத்துக்கொண்டு டிஃபை 4.25க்கு மாற்றியதற்குச் சமம். நாலாம் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு 1977 சுற்றுச் சுற்றியது, இப்போது 1843. சமதரையில் இது சுகமாகக் கூட இருக்கும். ஆனால் இந்த எஞ்சினுக்கு முழு இழுவை வருவது 2400 சுற்றை அண்டித்தான். ஒரு தொன் பாரத்தோடு ஏற்றத்தில் நிற்கும்போது அதைக் கீழே தள்ளுவது, சுமக்கிறவனின் காலைத் தட்டிவிடுவது போல.

பாஸ் இரண்டு வழி சொன்னார். ஒன்று, டிஃபை 39க்கு 8 பல்லாக, அதாவது 4.875 ஆக மாற்றுவது. அப்போது அதே 60இல் எஞ்சின் 1972 சுற்று. பழைய கணக்குக்கே வந்துவிடும். மீற்றரும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் நாலு சில்லும் இழுக்கும் வண்டி என்றால் பின் டிஃபை மட்டும் மாற்ற முடியாது. முன்னும் பின்னும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்வீல் போட்ட அன்றே இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து ஏதாவது ஒன்று உடையும். பஞ்சிகாவத்தையில் பாவித்தது ஒரு ஜோடி தேடி எடுக்க வேண்டும், கூலி, எண்ணெய் எல்லாம் தனி. இரண்டாவது வழி, பழைய அளவு டயருக்கே திரும்புவது.

கார்பட் வீதியில் ஓடும் என் வண்டிக்கு உயரம் எதற்கு? பழைய அளவுக்கே போனேன். அந்த 31 அங்குல டயர்களைப் பொலன்னறுவையில் நெல் ஆலை வைத்திருக்கும் ஒருவர் வாங்கினார். வயல் பாதையில் போகிறவர், அவருக்கு உயரம் தேவை; 4.875 டிஃபும் முன்பின் இரண்டிலும் போட்டுக்கொண்டார். அவர் வண்டி நன்றாக ஓடுகிறது. டயரில் குற்றம் இருக்கவில்லை.

சாரதியின் வீட்டுக்கு அன்று பின்னேரமே போனேன். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பூட்டைக் கழற்றிவிடுகிறேன் என்றபோது, "இரிக்கட்டும் நானா, ஊர்ல டீசல் களவு இரிக்கிதானே. சாவிய மட்டும் தாங்க" என்றார். கொடுத்தேன்.

மாத்தளை நண்பருக்கு டிஃபைத் திறக்காமல் பல் பார்க்கும் வழியைச் சொன்னேன். சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் சில்லில் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுவித்து இருக்க வேண்டும். தூக்கிய சில்லை 20 சுற்றுச் சுற்றும்போது இன்னொருவர் ஷாஃப்டில் சோக் கோடு போட்டு எண்ண வேண்டும். வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. நாற்பத்தைந்தரை வந்தால் 4.556. நாற்பத்தெட்டே முக்கால் வந்தால் 4.875.

மறுநாள் அழைத்தார். நாற்பத்தெட்டே முக்கால். இப்போது ஓடுவது 235/75R15தான். அப்படியானால் 31 போட்டாலும் அவருக்கு இழுவை 4.54 கணக்கில் நிற்கும். பழைய டயரோடு என் வண்டி இழுத்த அளவு. அவர் ஏற்றுவது பெரும்பாலும் பெயின்டும் பைப்பும். வாங்கலாம் என்றேன். ஆனால் மீற்றர் 7 சதவீதம் குறைத்துத்தான் காட்டும், 60 என்று காட்டும்போது வண்டி 64இல் போகும், அதைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, டயர் பூட்டுகிற அன்றே சாரதிக்கும் காட்டிவிடுங்கள் என்றேன்.